பஞ்சுவின் முதுகில் வைத்த கை

இன்று காலை பஞ்சுவை அரியலூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுருட்டை முடிப் பூடில் நாய், தண்ணீரைக் கண்டால் குதிக்கிற ஜாதி. ஒரு மாதமாகக் குளிக்கவே வர மறுக்கிறான்.

வரிசையில் வெள்ளாட்டோடு நின்றவர் சிரித்தார். "என்னாங்க, செம்மறிக்குச் சங்கிலி போட்டுக் கூட்டியாந்துட்டீங்க? நல்லா கொழுத்துருக்கு."

"நாய்தாங்கண்ணே," என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சந்தையில் ஆடு பிடிக்கிற பழக்கத்தில் அவர் கை தானாகப் பஞ்சுவின் முதுகுக்குப் போனது. முடிக்குள் விரலை விட்டு அழுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"யம்மா, உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் எலும்பால்ல இருக்கு."

டாக்டரும் அதையேதான் சொன்னார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் பல வாரம் ஆகியிருக்குமாம்.

"முன்னாடியே கொண்டாந்திருக்கலாமேம்மா. இனிமே வலி தெரியாம பாத்துக்கலாம், அவ்ளோதான்."

நான் தினமும்தான் அவனுக்குச் சீவிவிடுகிறேன். என் சீப்பு முடியோடு நின்றுவிடும்.

போன வாரம் இந்த முகநூல் பக்கத்தில் அவன் படம் போட்டபோது "செம குண்டு" என்று எழுதினீர்கள். நானும் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன்.

இன்று படம் இல்லை. உங்கள் வீட்டில் கொழுகொழுவென்று இருப்பவர்களை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.