என்ஜின் போல்ட்டுக்காகச் செய்த ஜெபம்

சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் ஆண்டவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை எழுதித் தருகிறேன்.

மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் கணவர் செல்வம் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் சின்ன விமானம் ஒன்றை, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பல வருடங்களாகக் கட்டி வந்தார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருடம் மாசியில் என்ஜின் வந்து சேர்ந்தது. அன்றோடு என் தூக்கம் போனது. அவ்வளவு பாரமும் நாலு போல்ட்டில் தொங்கப்போகிறது. வானத்தில் அவை விட்டுப்போனால் என் கணவர் எனக்கு இல்லை.

நுவரெலியாவில் தேடி, கடையில் இருந்ததிலேயே உறுதியான போல்ட்டுகளைத்தான் வாங்கினார். ஆனால் தொழிற்சாலைப் பழக்கத்திலேயே மாட்டினார். அங்கே கொழுந்து உருட்டும் ரோலர் ஓயாமல் ஆடும். நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு பொட்டு வெல்டிங் வைப்பார்கள். இதிலும் வைத்தார்.

“இது போதுமாங்க?” என்று கேட்டேன்.

“நான் வெல்டு வெச்ச நட்டு ஒண்ணாவது கழண்டிருக்கா? நீ போயி ரொட்டியப் பாரு, தீயுது.”

போய் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். மனம் மட்டும் அடங்கவில்லை. அந்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் முதன்முறையாக வாய் திறந்து, போல்ட்டுக்காக ஜெபிக்கச் சொன்னேன்.

“போல்ட்டுக்கா? ஏன்டி, நாளைக்கு ஸ்பேனருக்கும் ஜெபம் கேப்பியா?” என்றார் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா பதறி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அழாதடி. என்னா கேக்கணும், சொல்லு.”

“அதுல பிழை ஏதாச்சும் இருந்தா, அவரு தரையில இருக்கும்போதே தெரியணும்க்கா.”

அதையே எல்லோரும் சேர்ந்து கேட்டோம்.

சனிக்கிழமை காலை, விமானத்தின் வாலை மரத்தில் கட்டிவிட்டு என்ஜினை ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது. வேகத்தைக் கூட்டினார். ‘டக்’கென்று ஒரு சத்தம். என்ஜின் ஒரு பக்கம் சரிந்து உதறியது. உடனே நிறுத்தினார். ஒரு போல்ட்டின் நுனி முறிந்து, வெல்டிங் வைத்த நட்டோடு புல்லில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.  ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது.

கண்டியிலிருந்து சுனில் என்ற சிங்கள நண்பர் வந்து பார்த்தார். விமானம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்.

“செல்வம், இது ப்ளேன்தானே? ரோலர் இல்லையே? இந்த மாதிரி போல்ட்டுக்கு வெல்டு சூடு பட்டா, அந்த எடம் பிஸ்கட் மாதிரி ஆகும்.”

“கழலாம இருக்கத்தானே வெச்சேன்.”

“கழலல்லதான். ஒடஞ்சிச்சு.”

சரியானதை எப்படித் தெரிவு செய்வது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். விமானத்துக்கென்றே செய்த போல்ட்டாக இருக்க வேண்டும். பாரம் தாங்கும் இடத்தில் நட்டைத் திருகும் மரை இருக்கக் கூடாது, வழவழப்பாக இருக்க வேண்டும். நட்டின் தலையில் வெட்டுகள் இருக்கும். அவற்றின் வழியாகப் போல்ட்டின் நுனியில் உள்ள துளையில் ஒரு பின்னைக் கோத்து வளைத்துவிட்டால், எவ்வளவு உதறினாலும் நட்டு திரும்பாது. அவை வெளிநாட்டிலிருந்து வர வெகு நாளானது. எதற்கும் பொறுக்காத என் கணவர் பொறுமையாகக் காத்திருந்தார். மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “நீ ஜெபம் பண்ணு, நானும் நிக்கிறேன்” என்றார். இப்போது ஞாயிறுதோறும் சபைக்கும் வருகிறார்.

ஓட்டப் பழகி, பறக்க அனுமதியும் கிடைத்து, இந்த வருடம் மலைக்குக் கீழே கீழ்நாட்டில் ஒரு மைதானத்தில் பறந்தார். நான் மேலே பார்க்கப் பயந்து, மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். சக்கரம் தரையில் பட்ட சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். இறங்கி வந்தவர், “பசிக்குது, என்னா கொண்டாந்த?” என்றார். நான் அழுதுகொண்டே சோற்றுப் பொதியை அவிழ்த்தேன்.

அன்பானவர்களே, உங்களுக்கும் விளங்காத ஏதோ ஒன்று பயம் காட்டினால், இதைப் போய் ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். பிழையைக் காட்டும்படி கேட்டேன், காட்டினார். என் கணவர் பறந்ததற்கு மட்டுமல்ல, அன்று அந்தப் போல்ட் முறிந்ததற்கும் ஆண்டவருக்கே நன்றி.