‘இல்லை’ என்று வந்த நாற்பத்தொரு வரி

“இந்தப் பேர எடு. எடுத்தியா? அந்தப் பெரிய கட்டத்துக்குள்ள போ. முதல் கொலத்தில, அந்த நெடுக்கு வரிசையில தேடு. ஆள் கிடைச்சா அப்பிடியே நேரா நாலாம் கொலத்துக்கு வா. அதில இரிக்கிற நம்பரக் கொண்டு வந்து இஞ்ச வை. மறுகா, கடைசியா, ‘பொய்’ எண்டு செல்லு.”

றாஹிலா பார்முலாவை வாய்விட்டுத்தான் வாசிப்பாள். சுட்டுவிரல் லெப்டொப் திரையைத் தொடாமல் ஓர் அங்குலம் தள்ளி ஊர்ந்துகொண்டே போகும். ‘பொய்’ என்ற இடம் வந்ததும் குரல் தாழும். சரியான ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எக்ஸலில் பார்முலாவின் முடிவில் ‘பொய்’ என்று எழுத வேண்டும். ‘உண்மை’ என்று எழுதினால், கிட்டத்தட்ட அதேமாதிரி இருக்கிற யாரையாவது பிடித்துக்கொண்டு வந்து நிறுத்திவிடும். இது என்ன நீதி என்று ஐந்து வருடமாக அவளுக்கு விளங்கவில்லை. “வெள்ளக்காரன்ட நியாயம்” என்று சொல்லிவிட்டு, நெற்றிக்கு ஏற்றிவைத்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொள்வாள்.

கல்முனையில் இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய விவசாய அமைப்பின் அலுவலகம். ஒரு மேசை, ஒரு அலுமாரி, ஒரே ஒரு பிளக். அதில் மின்விசிறியைக் குத்தலாம், அல்லது லெப்டொப்பைக் குத்தலாம். இரண்டையும் குத்த வழியில்லை. ஆகவே வேலை செய்யும்போது வியர்ப்பாள். விசிறி சுற்றும்போது சும்மா இருப்பாள். வயது நாற்பத்தொன்று. சாய்ந்தமருதிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். எந்தப் பொத்தானையும் பிஸ்மி சொல்லாமல் அழுத்த மாட்டாள். பிழை வந்தால், சொன்னது காதில் விழவில்லையோ என்பதுபோல் இன்னொரு தரம் சத்தமாய்ச் சொல்லி அழுத்துவாள்.

அமைப்பின் வயல்கள் மேற்கே, வரிப்பத்தான்சேனைக்கு அந்தப் பக்கம். சொந்தக்காரரில் பாதிப் பேர் கரையோர ஊர்களில் இருக்கிறார்கள். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் போதாது. அதனால் முறை வைத்துத்தான் விடுவார்கள்: பத்து நாளைக்கு ஒரு தடவை, ஆளுக்கு நாலு மணித்தியாலம். முறைக்காரர் வயலில் நின்று வரம்பில் வக்கடையை வெட்டித் தண்ணீரை உள்ளே வாங்க வேண்டும். ஆள் வராவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். நூற்றெண்பத்தாறு வயலுக்கும் அவரவர் முறை நாளில், இன்றைக்கு இத்தனை மணிக்கு உங்கள் முறை என்று காலையிலேயே குறுஞ்செய்தி அனுப்புவதுதான் றாஹிலாவின் உத்தியோகம்.

கேட்க இலேசாய்த்தான் இருக்கும். முறையைத் தீர்மானித்து வாய்க்காலைத் திறந்துவிடுகிற வட்டவிதானை ஜெமீல் காக்கா, ஒவ்வொரு முறைக்கும் பட்டியலைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். அதில் இலக்கமும் இருக்காது, காணி உறுதிப் பத்திர விவரமும் இருக்காது. வட்டையில், அதாவது அந்த வயல்வெளியில், எந்தப் பேர் வழக்கமோ அந்தப் பேர்தான் இருக்கும். தொலைபேசி இலக்கங்கள் இருப்பது அமைப்பின் பதிவேட்டில். அதில் உறுதிப்படி யார் சொந்தக்காரரோ அவருடைய பேர். கொப்பிப் பேரைப் பதிவேட்டில் தேடி இலக்கத்தை எடுத்து வருவதற்குத்தான் அந்தப் பார்முலா.

எடுத்தும் வரும். நாற்பத்தொரு வரியில் மட்டும் வராது. எக்ஸல் அந்த இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டுக் கைவிரித்துவிடும். றாஹிலாவின் பாஷையில் அதற்குப் பேர் “இல்ல”. காரணம் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். காணி பூமியைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாய்க் கொடுப்பார்கள். உறுதி அவள் பேரில் இருக்கும். சேற்றில் நிற்கிறவன் புருஷன் என்பதால் வட்டை அவன் பேரைச் சொல்லும். “றவூப்ட பூமி” என்று கொப்பியில் இருந்தால், பதிவேட்டில் றவூப் என்று ஒருவர் கிடையாது, ஸைனம்பு இருக்கிறார். இத்தனைக்கும் றவூப் பொத்துவிலில் இன்னொரு கலியாணம் முடித்துக்கொண்டு போய் ஏழு வருடமாகிறது. ஊரை விட்டுப் போனார், பெண்சாதியை விட்டுப் போனார், வட்டையை விட்டு மட்டும் அவர் பேர் போகவில்லை.

அந்த நாற்பத்தொரு “இல்ல”யையும் றாஹிலா தன் அறிவைக் கொண்டு நிரப்புவாள். இன்னாரின் பூமி என்றால் இன்னாருடைய மகளுடையது. அவளுக்குப் போன் அடித்துக் கேட்டால் சரி. ஒருநாள் முழுதும் போகும். பட்டியல் அஸர் தொழுகைக்கு முந்தி முடிந்ததில்லை. அமைப்பின் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. “அங்கால அமைப்பில ஒரு பட்டனத் தட்டினா முடிஞ்சிருதாமே” என்றார். பட்டன் என்றால் மெக்ரோ: செய்ய வேண்டியதை வரிவரியாய் எழுதிவைத்து ஒரு பொத்தானில் கட்டிவிடுவது. பார்முலாவை மெக்ரோவாக மாற்றும் வேலை றாஹிலாவின் தலையில் விழுந்தது.

நோன்பு மாதம் முழுவதும் வீடியோ பார்த்துப் படித்தாள். படிக்கப் படிக்கக் குழம்பினாள். பார்முலாவில் ஒரு வரியில் முடிந்தது மெக்ரோவில் பதினொரு வரியாகியது. பார்முலாவுக்கு ‘அந்தக் கட்டம்’ என்று காட்டினால் போதும். மெக்ரோவுக்கு எந்தப் புத்தகம், எந்தத் தாள், எந்தக் கட்டம் என்று கலியாணப் பதிவுபோல வாப்பா பேர், ஊர்ப் பேரெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சில இடத்தில் ‘வை’ என்று சொன்னால்தான் வைக்கும். சில இடத்தில் சொன்னால் கோபித்துக்கொள்ளும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற கதைதான்.

ஒருவழியாய் ஓடவிட்டபோது, முதலாவது “இல்ல” வந்த இடத்தில் மெக்ரோ மஞ்சள் கோடு போட்டு நின்றுவிட்டது. அதற்கும் வீடியோக்காரர் மருந்து வைத்திருந்தார். ‘பிழை வந்தால் பாராதே, அடுத்த கட்டளைக்குப் போ’ என்று ஒரு வரி. றாஹிலா அதைச் சேர்த்து, பிஸ்மி சொல்லித் தட்டினாள். நூற்றெண்பத்தாறு வரிக்கும் நூற்றெண்பத்தாறு இலக்கம் பொலபொலவென்று வந்து விழுந்தது. ஒரு “இல்ல” கூட இல்லை.

இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாள். “எல்லா இல்லயும் எங்க போன?” என்று திரையைப் பார்த்துக் கேட்டாள். ஐந்து வருடமாய் அவளை வதைத்த நாற்பத்தொரு வரியும் ஒரு தட்டில் எப்படித் தீர்ந்தது என்று சந்தேகமாய்த்தான் இருந்தது. ஆனால் தலைவர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பாராட்டிவிட்டார். பாராட்டு வந்த பிறகு யார்தான் கிண்டிப் பார்ப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸைனம்பு படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அபாயாவின் கரையில் காய்ந்த சேறு. பின்னாலேயே கொப்பியும் கையுமாக ஜெமீல் காக்கா.

“றாஹிலா, போன முறையும் எனக்கு மெஸேஜ் வரல்ல. குளத்தில தண்ணி இல்லாக்கும் எண்டு பேசாம இருந்திட்டன். இண்டைக்கும் வரல்ல. பயிர் குடலையில நிக்கி புள்ள, கதிர் தள்ளப் போற நேரம். இண்டைக்கும் தண்ணி ஏறாட்டி ரெண்டு ஏக்கரிலயும் வைக்கல்தான் அறுக்கணும்.”

“போன முறை இவட தண்ணியையும் சேத்து மேல் வயல் பர்ஸான்தான் தன்ட வயலுக்குக் கட்டினான்” என்றார் ஜெமீல் காக்கா. “கேட்டா மெஸேஜக் காட்டுறான். ரெண்டு மெஸேஜ் இரிக்கி. இண்டைக்கும் ரெண்டு வந்திரிக்காம். பத்துக்கு ஒண்டு, ரெண்டு மணிக்கு ஒண்டு.”

றாஹிலா விசிறியைப் பிடுங்கி லெப்டொப்பைக் குத்தினாள். நூற்றுப் பதினேழாம் வரியில் பர்ஸான். நூற்றுப் பதினெட்டில் றவூப். இருவருக்கும் நேரே ஒரே இலக்கம். பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பர்ஸானின் இலக்கம் அதில் ஒரே ஒரு தடவைதான் இருந்தது. அப்படியானால் இரண்டாவது எங்கிருந்து வந்தது? பிஸ்மி சொல்லித் திரும்பத் தட்டினாள். அதேதான். சத்தமாய்ச் சொல்லித் தட்டினாள். அதேதான். வேறொரு வரியைப் பார்த்தாள். அங்கேயும் மேல் வயல்காரரின் இலக்கம் கீழ் வயலுக்கு இறங்கியிருந்தது. பாராட்டு வாங்கிய நாளை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“கொம்பியூட்டர் என்ன செல்லுது?” என்றார் ஸைனம்பு.

“விளங்குதில்ல ராத்தா. இரிங்க, வாசிச்சுப் பாக்கன்.” விரல் ஊர்ந்தது. “பேர எடு. புத்தகத்தில தேடு. கிடைச்ச நம்பரக் கையில எடு. பிழை வந்தா பாராத, அங்கால போ. கையில இரிக்கிறத இந்தக் கட்டத்தில வை. அடுத்த பேர எடு.” மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் எல்லாம் சரியாய்த்தான் இருந்தது. அதுதான் இன்னும் குழப்பமாக இருந்தது.

ஸைனம்பு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “றவூப் எண்ட பேரு உன்ட புத்தகத்தில இரிக்கா?”

“இல்ல ராத்தா. நீங்கதானே இரிக்கீங்க.”

“அப்ப தேடினா கிடைக்காதே.”

“கிடைக்காது. பாராம அங்கால போகும்.”

“போகக்குள்ள கையில என்ன இரிக்கும்?”

றாஹிலாவின் விரல் பர்ஸானின் வரிக்கு ஏறியது.

“பர்ஸான்ட நம்பர்தானே புள்ள இரிக்கும்? அவன்ட கட்டத்தில வச்சதுக்குப் புறகு கைய எங்க கழுவின? நான் அரிசி அளக்கக்குள்ள அளவுக் கொத்துக்குள்ள மிச்சம் கிடந்தா, அது அடுத்த ஆள்ர பையிக்குள்ளதான் விழும்.”

றாஹிலா ‘பேரை எடு’ என்ற வரிக்கு மேலே இன்னொரு வரி எழுதினாள்: கையை வெறுமையாக்கு. மெக்ரோவின் பாஷையில் அதற்கு இரண்டு மேற்கோள் குறி, நடுவே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை எழுதினால் அது எப்படி ஒரு கட்டளையாகும் என்று அவளுக்குப் பிடிபடவேயில்லை. பிஸ்மி சொல்லித் தட்டினாள்.

நாற்பத்தொரு கட்டம் வெறுமையாய் வந்தது.

அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு நிறையப் பயம் வந்தது. மெக்ரோ வந்து இது இரண்டாவது முறை. புருஷன் வயலில் நிற்கிற வீட்டுக்கு மெஸேஜ் தேவையில்லை. வாய்க்காலில் தண்ணீர் திரும்புவதை அவன் கண்ணால் காண்பான். ஆம்பிளை இல்லாத வயல்களுக்குத்தான் மெஸேஜ். ஸைனம்பு படியேறி வந்தார். வராதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் பர்ஸானுக்குப் போன் எடுத்தாள். அவன் வயலில்தான் நின்றான்.

“ராத்தா, எனக்கு ரெண்டு மெஸேஜ் வந்திரிக்கே. கொம்பியூட்டர் பிழையாச் செல்லுமா?”

“கொம்பியூட்டர் செல்லல்ல தம்பி. நான்தான் பிழையா எழுதின. ரெண்டு மணித் தண்ணி ஸைனம்பு ராத்தாட. ஒங்கட வக்கடையக் கட்டிப் போடுங்க.”

மறுமுனையில் மண்வெட்டியை ஊன்றும் சத்தம் கேட்டது. “அப்ப போன முறை நான் எடுத்தது?”

“அது என்ட தலையில தம்பி. தலைவரிட்டயும் நானே செல்லுறன்.”

“சரி ராத்தா. கட்டுறன்.”

ஸைனம்பு எழுந்து அபாயாவை உதறினார். அவர் முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. போகிற அவசரம்தான் இருந்தது. “நான் ஓட்டோவில முன்னுக்குப் போறன் ஜெமீல் காக்கா. நீங்க வந்து திறந்து விடுங்க” என்றுவிட்டுப் படியிறங்கினார்.

ஜெமீல் காக்கா மேசையில் வைத்திருந்த கொப்பியை றாஹிலா இழுத்தாள். றவூப் என்ற பேரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘ஸைனம்பு’ என்று எழுதினாள். ஜெமீல் காக்கா திடுக்கிட்டுப் பார்த்தார். இருபது வருடமாய் அவர் எழுதும் கொப்பி.

“என்ன புள்ள இது? அப்பிடி எழுதினா வட்டையில ஒருத்தருக்கும் விளங்காது. எல்லாரும் றவூப்ட பூமி எண்டுதான் செல்லுற.”

“விளங்கட்டும் காக்கா. எனக்கும் மெக்ரோ விளங்காமத்தான் இருந்திச்சி.”

கீழே ஓட்டோ புறப்படும் சத்தம் கேட்டது. “நேரம் போகுது, கொப்பியத் தா” என்று ஜெமீல் காக்கா கையை நீட்டினார். றாஹிலா நிமிரவில்லை. பேனை மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டு தாளைப் புரட்டினாள். ‘இல்ல’ வந்த அடுத்த ஆம்பிளைப் பேரின் மேல் கோடு போட்டாள்.