கட்டடம் பலம்தான்

எங்கள் பாடசாலையின் பழைய மாடிக் கட்டடத்தை உடைப்பதா விடுவதா என்று பேச, பழைய மாணவர்கள் இன்று கூடினோம். கூடியது அந்தக் கட்டடத்தின் மேல்மாடியிலேயே.

"வெள்ளைக்காரன்ட காலத்துப் பாலை மர வளை, தளத்தையே அதுதான் தாங்குது. சுனாமிக்கே அசையல்ல. உடைக்க உடமாட்டம்!" என்றார் சங்கத் தலைவர் ஹாஜியார். கைதட்டினோம்.

முடிவில் பாடசாலைக் கீதத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பினோம்.

முதல் வரியிலேயே பலகைத் தளத்துக்குக் கீழே படீரென்று ஒரு சத்தம். சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது.

"ஒருத்தரும் ஓடாதீங்க. ஒவ்வொருத்தரா இறங்குங்க," என்றார் பாடசாலை அதிபர், தணிந்த குரலில்.

கீதத்தை இடையில் நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பாடிக்கொண்டே சுவரோரமாக நகர்ந்தோம். வாய்தான் பாடியது, காது முழுக்கக் காலடியில் இருந்தது. ஒவ்வொரு படியும் முனகியது.

முதலில் இறங்கியவர் ஹாஜியார்.

கடைசி வரியை முற்றத்து வேப்பமரத்தடியில் பாடி முடித்தோம். கட்டடம் பலமாகவே இருக்கிறது, உடைக்கத் தேவையில்லை என்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானமும் எடுத்தோம்.

கூட்டத்துக்கு வாங்கி வைத்த பெட்டிஸும் பிளேன்டீயும் இன்னும் மேல்மாடியில்தான் இருக்கின்றன. பசிக்கிறவர்கள் யாராவது போய் எடுத்துக்கொள்ளலாம்.