சிவப்பு அட்டைக்குப் பத்தாவது இடம்

அபுதாபி முசஃபாவில், கம்பெனி கேம்பில், எங்கள் அறையில் ஆறு கட்டில். மலையாளிகள் மூன்று பேர், நேபாளி ஒருவர், வெல்டர் அண்ணன், நான். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு அந்தத் தைரியம்தான் காரணம்.

கீழ்க்கட்டில் அண்ணனுடையது, மேல்கட்டில் என்னுடையது. அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு ஷூ பெட்டி நிறைய கேசட்டுகளும் இருந்தன. எல்லாம் ஒரே இசையமைப்பாளருடையவை. எனக்கும் அந்த மனிதர்மேல் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பைத்தியம். ஆனால் ஊரில் அவர் பாட்டு எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பஸ்ஸில் பாதி, கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் மீதி. ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, இரண்டு பக்கமும், நான் முழுசாகக் கேட்டது அண்ணனின் தலைக்கு மேலே படுத்துக்கொண்டுதான்.

அண்ணனுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், இரும்பை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பார். கேசட்டுகளை அட்டையை வைத்துத்தான் சொல்வார். நீல அட்டை, ரயில் அட்டை, குடை அட்டை, சிவப்பு அட்டை. நாளாக நாளாக எனக்கும் படத்தின் பெயர் வாயில் வராமல் அட்டைதான் வரத் தொடங்கியது.

நான் அதே ஒர்க்ஷாப்பில் டைம் கீப்பர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இருந்தது. மேனேஜர் சைட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், அந்த இசையமைப்பாளரின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று கண்ணில் பட்டது. துபாயில் குடும்பத்தோடு இருக்கும் இன்ஜினியர்கள், அமெரிக்காவில் படிப்பவர்கள் என்று பெரிய பெரிய ஆட்கள். ஒரு பாட்டின் நடுவில் வரும் வயலினைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள். அவர்கள் போட்ட சொற்களில் பாதி எனக்குப் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்துவிட்டேன். அவர்கள் நடுவில் உட்கார எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அங்கே எல்லோரும் தங்களுடைய முதல் பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்திப் போட்டிருந்தார்கள். நானும் போட முடிவு செய்தேன்.

ஒரு வாரம் எழுதினேன். பழைய டைம் ஷீட்டின் பின்பக்கத்தில், அடித்து அடித்துத் திருத்தி, கடைசியில் அழகான கையெழுத்தில் ஒரு பிரதி. முதல் இடம் நீல அட்டைக்கு. ஆறு பாட்டில் ஒன்றைக்கூடத் தள்ள முடியாது. மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் வயலின்கள் மட்டும் மெல்ல எழுந்து நெடுநேரம் வரும். பாடகர் வாய் திறப்பதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிடும். இரண்டாவது ரயில் அட்டை. குடை அட்டையை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா என்று இரண்டு நாள் குழம்பினேன். இதெல்லாம் நான் உண்மையாகவே நினைத்ததுதான். இன்றைக்கும் அந்த வரிசையை மாற்றமாட்டேன்.

பத்தாவதுதான் வம்பு. சிவப்பு அட்டை. தவில், டிரம், ஐம்பது பேர் கத்தும் கோரஸ். முதலிலிருந்து முடிவு வரை ஒரே அடி. டூட்டி முடிந்து குளித்துவிட்டு வந்ததும் அண்ணன் தினமும் அதைத்தான் போடுவார். அதற்குக் கீழே நான் எழுதியது ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது: "இதை இசை என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பு நோக வேலை செய்துவிட்டு வருபவர்களுக்கு ஏதாவது ஒரு சத்தம் வேண்டும். அந்தச் சத்தம் இது. என் அறையில் ஒருவர் தினமும் கேட்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரசனை எங்கிருந்து வரும்?"

இணையதளத்தில் போட்டேன். கடைசிப் பத்திதான் பிரமாதம் என்று இரண்டு பேர் பாராட்டினார்கள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் அண்ணன் கேட்டார். "ஒரு வாரமா என்னத்தடா தம்பி எழுதிக்கிட்டே கெடந்த? லவ் லெட்டரா?"

"இல்லண்ணே. நம்ம ஆளு கேசட்ட எல்லாம் வரிசப்படுத்தி எழுதுனேன். கம்ப்யூட்டர்ல போட்டாச்சு."

"நம்ம கேசட்டையா? கம்ப்யூட்டர்லயா?" எழுந்து உட்கார்ந்துவிட்டார். "படிடா, படி."

படித்தேன் என்று சொல்ல முடியாது. ஊரில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம், நோட்டீஸ் எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்தே நான்தான் படித்துக் காட்டுவேன். அத்தை யாரையோ விட்டு எழுதிய கடிதத்தில் அப்பாவைத் திட்டியிருந்தால், அந்த வரியைத் தாண்டிப்போய் "எல்லாரும் சுகம்" என்று சேர்த்துவிடுவேன். கண் ஒன்றைப் பார்க்க, வாய் வேறொன்றைச் சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

"ஒண்ணு, சிவப்பு அட்டை. உடம்பு முழுக்கக் கேட்கிற பாட்டு," என்றேன். நீல அட்டை பத்தாவதுக்குப் போயிற்று.

"அப்படிப் போடு! நான் சொல்லல?" என்று தொடையில் தட்டினார். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்று தடவை பொய் மாறாமல் படித்தேன். பிறகு தாளை வாங்கி, கறுப்பு டேப்பால் அலமாரிக் கதவில் ஒட்டினார். தடுத்திருக்கலாம். இங்கே யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து கேம்பிலிருந்து ஒரு ஸ்டோர் கீப்பர் சாப்பிட வந்தார். அண்ணனின் ஊர்க்காரர். கோழி வெந்துகொண்டிருந்தது. அண்ணன் கரண்டியோடு அவரை அலமாரிக்கு இழுத்துவந்தார்.

"மாப்ள, இங்க பாரு. தம்பி எழுதுனது. கம்ப்யூட்டர்ல வந்திருக்கு." முதல் வரியில் விரலை வைத்து, படிப்பதுபோலவே சொன்னார். "ஒண்ணு, சிவப்பு அட்ட. உடம்பு முழுக்கக் கேக்குற பாட்டு." நான் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியது.

ஸ்டோர் கீப்பர் தாளுக்கு அருகில் போனார். உதடு அசைய மேலிருந்து கீழே வரை படித்தார். திடீரென்று வெடித்துச் சிரித்தார்.

"யோவ், நீ தெனம் போடுற படம் பத்தாவதுல கெடக்குய்யா. கீழ உன்னயும் சேத்துல்ல எழுதி வச்சிருக்கான்!"

"என்னன்னு?"

"எழுதுன மகராசன் இங்கதான நிக்கிறான். அவனயே கேளு."

அண்ணன் அடுப்பைக் குறைத்தார். "தம்பி, எழுதியிருக்குறதப் படி."

படித்தேன். "எழுதப் படிக்கத் தெரியாது" என்ற இடத்தில் நிறுத்தினேன். "முழுசாப் படி," என்றார். முழுசாகப் படித்தேன். ஸ்டோர் கீப்பரின் சிரிப்பு நின்றுவிட்டது. "எந்தா சேட்டா?" என்று ஒரு மலையாளி கேட்க, "ஒண்ணுமில்ல, பாட்டு விஷயம்," என்றார் அண்ணன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெசந்தான. எழுத்து தெரியாதுதான்," என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணாவதுல எத வச்சிருக்க?"

"நீல அட்டண்ணே. மூணாவது பாட்டு ஆரம்பத்துல வயலின் வரும்ல, அதுக்காக."

"அங்க ஒண்ணும் வராதே. அந்தப் பாட்டு லேட்டா ஆரம்பிக்கும்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "பன்னெண்டு வருஷமா இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பக்கத்துல நிக்கிறேன். மெல்லிசா வர்றது எதுவும் காதுல ஏறல தம்பி. சிவப்பு அட்டதான் முழுசாக் கேக்கும். சரி சரி, கோழி அடிப்பிடிக்குது, தட்ட எடு."

மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினேன்.

மறுநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து, இரும்பில் குறி போடும் வெள்ளை மார்க்கரைக் கொண்டுவந்தார். பெட்டியை என் முன்னால் வைத்து, "இப்ப நெசமான வரிசையச் சொல்லு," என்றார். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கேசட் டப்பாவிலும் எண்ணை எழுதினார். சிவப்பு அட்டையில் பத்து என்று, ஒன்றும் சுழியமும் ஒட்டாமல், நிதானமாக எழுதினார். கோபத்தில் செய்த மாதிரி இல்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிச் செய்தார்.

அதற்குப் பிறகு தினமும், "ஒண்ணு போடவா, ரெண்டு போடவா?" என்றுதான் கேட்பார். பெரும்பாலும் ஒன்றைத்தான் போடுவார். மூன்றாவது பாட்டு வரும்போது, சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். மேலே நான் வயலினைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். இணையதளத்தில் அந்தப் பத்தியை நான் நீக்கவில்லை. இன்னும் நாலு பேர் பாராட்டியிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்காலா என்கிற மளிகைக் கடைக்குப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். வராந்தாவிலேயே டிரம் சத்தம் கேட்டது. சிவப்பு அட்டை. கூடவே அண்ணனும் பாடிக்கொண்டிருந்தார். நான் கதவைத் தள்ளியதும் டக்கென்று நிறுத்தினார்.

"வந்துட்டியா? ஒண்ணு போடவா தம்பி?"

அதையே ஓடவிடுங்கண்ணே என்று சொல்லியிருக்கலாம்.

"போடுங்கண்ணே," என்றேன்.