மூச்சடக்கிக் காட்டிய பொய்

மக்களே, உங்கள் வாப்பா என் அடிவயிற்றில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். கீழக்கரையிலிருந்து சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த எனக்குக் குடலிறக்கம் வந்து, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் சிலருக்கு ஏன் நெஞ்சு நின்றுபோகிறது, அவர்களை முன்னாலேயே கண்டுபிடிக்க முடியாதா என்று அங்கிருந்த டாக்டர் பல வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் மூச்சடக்கச் சொல்லி, கடிகாரம் பார்த்து, நோட்டில் எழுதுவார். நீண்ட நேரம் அடக்கினால் நெஞ்சு பலம் என்பது அவர் கணக்கு.

எனக்கா மூச்சடக்கத் தெரியாது! தோணியில் செய்வதுபோல நாலு தடவை ஆழமாக இழுத்து விட்டுவிட்டு அடக்கினேன்.

"போதும் பாய், விடுங்க! எனக்கு மூச்சு முட்டுது" என்று டாக்டரே சிரித்தார். பிறகு, "நடந்தா நெஞ்சு இறுக்குதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். பொய். அந்த வருஷம் முழுக்க, தோணியில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு இறுகி இடது கை வரைக்கும் வலித்தது. தெரிந்தால் என்னைக் கடலுக்கு விடமாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் சாயல்குடிப் பனையேறி ஒருவர். அவருக்கும் குடலிறக்கம், மரம் ஏறினால் அவர் நெஞ்சிலும் அதே இறுக்கம். அவருக்கும் அந்த மூச்சு வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன்; அவரும் வலியை மறைத்துவிட்டார்.

ஆபரேஷன் நடக்கும்போதே என் நாடி விழுந்துவிட்டது. டாக்டர் இரண்டு நாள் பக்கத்திலேயே இருந்து என்னை மீட்டார். மூன்றாம் நாள் நோட்டோடு வந்தார்.

"நல்ல நெஞ்சுதானே பாய் உங்களுக்கு? மயக்க மருந்துதான் ஒத்துக்கலபோல" என்று எழுதிக்கொண்டார். பனையேறியைப் பார்த்து, "நீங்களும் நல்லா அடக்குனீங்க. நாளைக்கு உங்களுக்கு" என்றார்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், "அண்ணாச்சி, உண்மையச் சொல்லிரப் போறேன்" என்றேன்.

"வாய மூடிக்கிட்டுக் கெடங்க பாய்! பதநீர்க் காலம் வருது. எம் பொழப்புல மண்ணப் போட்டுறாதீக."

"நான் பொழச்சுட்டேன். நீங்களும் பொழப்பீகன்னு யாரு கண்டா?"

டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிய வரியை அடித்தார். "எத்தனை அடி நடந்தா இறுக்குது பாய்?" என்று கேட்டார். "எண்ணிப் பார்த்ததில்லீங்க" என்றேன்.

பனையேறிக்கு ஆபரேஷனைத் தள்ளிவைத்து, இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் நெஞ்சுக்கு மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது; ஆனாலும் திரும்ப அந்தக் கட்டிலில் கிடந்தால் அதையேதான் செய்வேன். என் உயிரோடு போகும் என்று நினைத்த பொய், அந்த நோட்டிலேயே நின்றிருந்தால், அந்தக் கணக்கை நம்பிக் கத்திக்குப் போகும் முகம் தெரியாத எத்தனை பேரைத் தொட்டிருக்குமோ.

ஊர் திரும்பி நடக்கத் தெம்பு வந்ததும், ஒரு விடியற்காலையில் சங்குப் பையை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். நெஞ்சு இறுகிய இடத்தில் நின்று, இனி எனக்குக் கடல் இல்லை என்று பையை அங்கிருந்த உடைமுள் மரத்தில் கட்டினேன். வலி அடங்கியதும், டாக்டருக்குச் சொல்வதற்காக, வீடுவரைக்கும் அடிகளை எண்ணிக்கொண்டே திரும்பினேன்.