மண் அடைத்த கூடைகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்களை நலம் விசாரிக்கத் தொடங்குவார்கள். மழை உண்டா, முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் பட்டாசு வந்துவிடும். நாங்கள் சிவகாசிப் பக்கம் சூலக்கரையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். நான் மதுரையில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவள். எங்கள் இருவருக்கும் பட்டாசு ஆலை கிடையாது, ஆலையில் பங்கும் கிடையாது. "உங்க ஊர்லதானே செய்றாங்க" என்ற ஒரே வாதத்தில் இதெல்லாம் அடிபட்டுப் போகும். வருடா வருடம் ஏழு வீடுகளுக்கு ஏழு கிஃப்ட் பாக்ஸ், காரில் போகிற யார் கையிலாவது கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தோம்.

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் என் சித்தி மகள் வருடத்தில் பதினோரு மாதம் காற்று மாசு பற்றிச் செய்தி அனுப்புவாள். பன்னிரண்டாவது மாதம், "அக்கா, இந்தத் தடவை வானத்துல போறது கொஞ்சம் ஜாஸ்தியா வைங்க" என்பாள். எனக்குப் பட்டாசின் மேல் கோபம் இல்லை. இந்தப் பக்கம் பாதி வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. இந்த ஊரிலிருந்து வருவது வெடித்துத்தான் தீர வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் தீர்மானித்துவிட்டேன். மறுநாள் காலையில் பெருக்கித் தள்ள முடியாத ஒன்றைத்தான் அனுப்புவது என்று.

மதுரையில் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன். கைவினைப் பொருட்கள் என்று தனி அடுக்கே வைத்திருந்தார்கள். வாசனை மெழுகுவத்தி, சணல் பை, மூங்கில் கரண்டி. 'இயற்கைக்கு உகந்தது' என்று எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் தொங்கியது. சீட்டைப் பிளாஸ்டிக் தாளுக்குள் போட்டிருந்தார்கள். எதை எங்கே யார் செய்தார்கள் என்று விற்கிற பெண்ணுக்குத் தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் நாத்தனார் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. பட்டாசு ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் காகிதக் குழாய் உருட்டியவள். கடைசி மூன்று வருடம் மருந்து அறையில் இருந்தாள். மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வெடிமருந்துதான்; ஆஸ்பத்திரி மருந்து இரண்டாவதுதான். ஆடி மாதம் இரண்டு அறை தள்ளித் தீப்பிடித்தது. இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளோடு உட்கார்ந்து தினமும் சாப்பிட்டவள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வீட்டில்தான் இருந்தாள். சாம்பார்ப் பொடி வாசனை அடித்தாலும் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன் என்றாள். அவளுடைய மாமியார் வீட்டில் இது சோம்பேறித்தனம் என்று பேச்சு.

அவள் கொண்டு வந்த வேர்க்கடலை ஒரு காகிதக் கூடையில் இருந்தது. கடலையை முறத்தில் கொட்டிவிட்டுக் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரல் நீளக் குழாய்களைத் தேனடை மாதிரி நெருக்கி நிறுத்தி அடிப்பாகம். சுற்றிலும் உயரமான குழாய்கள். ஒரு குழாய்கூட இன்னொன்றைவிடத் தடிமனாக இல்லை. காகிதம் சிவகாசி அச்சகத்துக் கழிவு. புது அச்சு ஓட்டும்முன் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரே தாளை நாலைந்து தடவை ஓட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் காலண்டர் தேதிக்குள் கிளி இருக்கும். கிளிக்குள் மாம்பழச் சாறு விளம்பரம் இருக்கும். அதைக் குழாயாக உருட்டினால் மஞ்சள், ஊதா, இடையில் பாதி ஒரு எண். எந்தக் கடையிலும் நான் பார்க்காத துணிச்சலான நிறங்கள்.

"இதுல ஏழு செஞ்சு குடுத்தா?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "காயிதக் கூடையவா? தீபாவளிக்கா? காறித் துப்பிருவாக."

"ஒன்ன யாருண்ணே கேட்டா? எச்சி துப்புறதுக்கும் ஒரு கூடை செஞ்சு தாரேன், வச்சுக்க" என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பி ஒரு நிபந்தனை போட்டாள். "பாவம்னு வாங்காதீக, மதினி. அது எனக்கு வேண்டாம். ஏழு வீட்டுல ஒரு வீடாவது இன்னும் வேணும்னு கேட்டாகன்னா, இதுதான் என் வேலை. ஒருத்தருமே கேக்கலன்னா தீபாவளி கழிச்சு மருந்து ரூமுக்கே போயிருதேன். ஆலையில போர்மேன் என் இடத்த யாருக்கும் குடுக்காம வச்சிருக்காரு."

எனக்கு அந்த நிபந்தனை பிடிக்கவில்லை. ஆனால் அது அவளுடையது.

இரண்டு பேருமாகச் சிவகாசியில் ஒரு கழிவுத் தாள் கிட்டங்கிக்குப் போனோம். நான் நிறம் பார்த்தேன். அவள் தாளை நகத்தால் சுண்டி, வளைத்து, முகர்ந்து பார்த்தாள். நான் ஆசைப்பட்டு எடுத்ததில் பாதியைத் திரும்பப் போட்டாள். "இது வழவழன்னு இருக்கு. பசை நிக்காது." சாமி முகம் இருந்த தாள்களைத் தனியாக வைத்தாள். காலண்டர் அச்சடிக்கும் ஊரில் அதுவே ஒரு மலை. "முகம் மடியக் கூடாது. அதும் அடிப்பக்கம் போயி, அது மேல வாழப்பழம் வச்சா?" மைதாப் பசை, ஒரு இரும்புக் கம்பி, கைகள். வேறு எதுவும் அவளுக்குத் தேவைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. தன் வீட்டில் உட்கார்ந்தே பதினெட்டு நாளில் ஏழு கூடை செய்தாள்.

பெட்டிகளில் அடுக்கிச் சாத்தூர்ப் பார்சல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே அவளுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றாள். தெரிந்த ஆள் அன்று விடுப்பு. கவுண்ட்டரில் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் தலைக்கு மேலே 'பட்டாசு அனுப்பப்படமாட்டாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஒரு கூடையை வெளியே எடுத்தார். எடை இயந்திரத்தில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தார். வெளிச்சுற்றுக் குழாய் ஒன்றை விரலால் தட்டினார்.

"இது காலிக் குழாய் இல்ல. லோடு இருக்கு."

நான் அப்போதுதான் கவனித்தேன். சுற்றிலும் இருந்த உயரமான குழாய்கள் எல்லாமே இரண்டு வாயும் அடைத்திருந்தன. நாத்தனார் தலையில் கை வைத்தாள்.

"மண்ணுண்ணே. களிமண்ணு."

"எதுக்கு?"

"குழாய்னா மண்ணு அடைக்கணும்ல?"

அவர் தலையை ஆட்டினார். அவரும் ஆலையில் இருந்தவர்தான் என்று அதிலேயே தெரிந்தது. இந்த வட்டாரத்தில் குழாய் உருட்டிய யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மருந்து சிந்தாமல் இருக்க இரண்டு வாயிலும் மண் அடைத்தால்தான் குழாய் முடிந்தது என்று கணக்கு. கூடை செய்யும்போதும் அவள் கை தன் போக்கில் அடைத்திருக்கிறது.

"மண்ணுக்கு நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. திரி இருக்கா பாருங்க."

"திரிய அங்கன போயி வச்சுக்கிடலாம்ல."

எனக்குக் கோபம் வந்தது. இது வீட்டில் வைக்கிற பழக்கூடை, பரிசு, சட்டம் எனக்கும் தெரியும் என்று உரக்கப் பேசினேன். என் சத்தத்தில் வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, அதுல ஒண்ணாச்சும் வெடிக்குமா, இல்ல அம்புட்டும் நமுத்ததா?" என்றது ஒரு குரல். சிரிப்பு.

நாத்தனார் சிரிக்கவில்லை. கவுண்ட்டரில் கிடந்த கத்தியை எடுத்தாள். கூடையின் வெளிச்சுற்றில் ஒரு குழாயை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். உலர்ந்த மண் கட்டிகள் எடை இயந்திரத்தின் மேல் விழுந்தன. நடுவில் வெறும் காற்று.

"போதுமா?"

"அது ஒரு கூடை" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் மேல ஆள் இருக்காக, தாயி."

மற்ற ஆறையும் எடுத்து வைக்கச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்தேன். வீட்டுக்குப் போய் மண்ணை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்து நாளைக்கு வரலாம் என்றேன். "நாளைக்கு அனுப்புனா தீபாவளி கழிஞ்சு போய்ச் சேரும்" என்று கையை விடுவித்துக்கொண்டாள். ஆறு கூடை, ஆறு கிழிசல். ஒவ்வொரு முறையும் மண் விழுந்தது. நாலாவதில் வரிசையில் சிரிப்பு நின்றது. ஆறாவது கூடைக்கு அவர் கையை நீட்டி மறித்தார், அவள் கேட்கவில்லை.

"இப்படிப் பொக்கப் பல்லோட அனுப்பவா?" என்றேன்.

"நம்ம ஊர்ல இருந்து போறது சோதனை ஆகாமப் போகுமா? அப்படியே போகட்டும்."

அவரே பெட்டிகளை ஒட்டினார். ஒட்டிய டேப் கோணாமல் இருந்தது.

தீபாவளியன்று காலை முதல் தொலைபேசி. முதல் வீடு, கூடை வந்தது, பட்டாசு பின்னால் வருகிறதா என்று கேட்டது. இரண்டாவது வீடும் அதையே கேட்டது. மூன்றாவது, "ஸ்கூல் பிள்ளைங்க செஞ்சதா? பாராட்டணும்" என்றது. நாற்பது வயதுக்கு மேல் ஆன ஒருத்தி செய்தது, பாராட்டு வேண்டாம், பழம் வையுங்கள் என்றேன். கோயம்புத்தூர் வீடு ஓட்டையை ஒட்டிவிட்டதாகச் சொன்னது. இன்னும் இரண்டு வீடுகள் வாழ்த்துப் படம் அனுப்பியதோடு சரி. நாத்தனார் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை நான் பேசி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு முறுக்கைப் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் அன்று ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அது அவளை இன்னும் சங்கடப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து சித்தி மகள் கூப்பிட்டாள். அவள் மாடியில் இருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். நாலு வேண்டும், கிழிசல் இல்லாமல். "ஆனா அக்கா, தூக்கவே முடியல. உள்ள மண்ணாமே? மண்ணு இல்லாம லைட்டா பண்ணித் தரச் சொல்லுங்களேன். ஷெல்ஃப்ல வைக்க நல்லாருக்கும்."

அவசரத்துக்குச் செய்த அந்த வேர்க்கடலைக் கூடையில் மண் இல்லை என்று எனக்கு நினைவிருந்தது. கடலையைக் கொட்டியதும் அது ஒரு பக்கம் சாய்ந்ததும் நினைவிருந்தது. நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் கண் விரிந்தது. பிறகு மண் விஷயத்தைச் சொன்னேன்.

"முடியாது" என்றாள்.

"ஏ தாயி, கேட்டது அந்த ஒரே வீடு."

"தெரியும் மதினி. மண்ணு இல்லன்னா ஒரு பக்கம் பழத்த வச்சா மறு பக்கம் குடை சாயும். கை தெரியாம அடைச்சதுதான். ஆனா அடைச்சதுதான் சரி. காத்துக்கு உருளுற கூடைய என் கை செய்யாது. மண்ணோட வேணும்னா நாலு. இல்லன்னா இல்ல. அப்படியே எழுதுங்க."

அப்படியே என்றால் அப்படியேவா என்று கேட்டேன். வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்கள் வாக்கியங்களின் முனையை மழுக்கியே பழகியவள் நான். 'செய்ய இயலுமா என்று பார்க்கிறோம்' என்பது வரை விரல் போய்விட்டது. அழித்தேன். 'மண்ணோடு என்றால் நாலு. இல்லையென்றால் இல்லை' என்று அனுப்பினேன்.

அன்று மாலையே போர்மேன் அவளைப் போனில் கூப்பிட்டார். அடுத்த கூடையை ஆரம்பித்திருந்தாள்; கையில் பசை இருந்ததால் என்னை எடுக்கச் சொன்னாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"திங்கக்கெழம பூசை போட்டு ஆலையத் தொறக்கோம். வாரியா, இல்லியா? ஒன் இடத்துக்கு ரெண்டு பேரு நிக்காக."

"அவுகளையும் நல்லா யோசிச்சு வரச் சொல்லுங்கண்ணே."

"வாய் நீண்டு போச்சு ஒனக்கு. ஆர்டர் கைக்கு வந்துருச்சாக்கும்?"

"இன்னும் இல்லண்ணே. நான் வரல."

 அவரே போனை வைத்துவிட்டார். சென்னையிலிருந்து பதில் அதுவரை வந்திருக்கவில்லை. குழாயில் அடைக்கப் பிசைந்து வைத்த மண் கொஞ்சம் உலர்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். தெளித்தேன்.