கை கழுவிட்டீங்களா, டாக்டர்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நான் நர்ஸ். ஊசி போடுவது, மருந்து ஏற்றுவது போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வார்டு வாசலில் இருந்த வாஷ்பேசின் பக்கத்தில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் கை கழுவிவிட்டார்களா என்று கேட்கவேண்டும். அம்மா அப்பாக்களிடம் "சோப்பு போட்டாச்சா?" என்பேன், டாக்டர்களிடம் "கை கழுவிட்டீங்களா?" "உனக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்று சொல்லி மேட்ரன் இதை என் தலையில் கட்டினார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இதே ஊர் மர்பி டவுனில் வளர்ந்தவளுக்குக் குழாயடிச் சண்டை புதிதல்ல.

எங்கள் ஆட்கள் சாப்பிட்ட பிறகு மட்டும் பிரமாதமாகக் கை கழுவுவார்கள். சாம்பார் வாசனை போகவேண்டுமே. கிருமிக்கு வாசனை கிடையாது, அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மருந்து ஏற்றிய குழந்தைகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருக்கும். நமக்கு ஒரு தும்மலோடு போகிற கிருமி அவர்களைக் கொண்டே போய்விடும். இதை நான் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிக்கொண்டே கழுவாமல் உள்ளே போவார்கள்.

பெரிய டாக்டர் இதில் எல்லோருக்கும் மூத்தவர். தலைமுறைகளாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஜூனியர்களிடம் இங்கிலீஷ், வாட்ச்மேனிடம் கன்னடம், என்னிடம் தமிழ். கெட்டிக்காரர், நல்ல மனிதர். எப்போது கேட்டாலும் "இப்பத்தான்" என்பார்.

ஜன்னலோரப் படுக்கையில் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி முடிந்திருந்தது, முடியெல்லாம் கொட்டியிருந்தது, வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று காலை டாக்டர்கள் அவள் படுக்கையைச் சுற்றி நின்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பேசியதை அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர்களுக்கு எப்போதுமே அந்த முகம்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் பெரிய டாக்டர் மறுபடி வந்தார். நான் வழிமறித்தேன்.

"ஜன்னல் பெட் பாப்பாவுக்கு வெள்ளை அணு கவுண்ட் ரொம்ப கம்மி டாக்டர். கை கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன் சிஸ்டர்."

"நெஜமாவா?"

"அப்பவே கழுவியாச்சும்மா. எத்தன வாட்டி கேப்பீங்க?"

"சரி டாக்டர்" என்றேன். எனக்கு நம்பிக்கையில்லை, ஆனால் வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

கதவுக்குப் பின்னால் வெந்நீர் பிளாஸ்க்கோடு அந்த அம்மா நின்றதை நாங்கள் பார்க்கவில்லை. ஒருவரை இனி தேறாது என்று விட்டுவிடுவதற்கும் தமிழில் இதே சொற்கள்தான் என்பது, பொழுதெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு மறந்தே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரப் படுக்கை காலி. பையும் இல்லை, பிளாஸ்க்கும் இல்லை. கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன், "ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஹோதரு சிஸ்டர்" என்று அவர்கள் போன திசையைக் காட்டினார். அந்த நிலையில் குழந்தையைப் பஸ் கூட்டத்தில் ஏற்றினால் ஊர் போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் கண்டுவிடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்யமுடியாது.

ஆட்டோவில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டை வாய்ப்புண் எரிய எரியத் தின்றுகொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் வாங்கியது, மேலே ஈ. அவள் ஒன்றை ஆசையாய்த் தின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா போறீங்க?"

"ஊருக்கே இட்டுனு போறேன். டாக்டரே கை கழுவிட்டாரு. நீங்களும் சரின்னீங்க. இனிமே எதத் தின்னா என்னா, கேட்டத வாங்கிக் குடுத்துட்டேன்."

ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் தேய்த்துத் தேய்த்துக் காட்டினேன். "சோப்பும்மா! சோப்பு போட்டு, தண்ணில!" ஆட்டோக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்னாசியைப் பிடுங்கி எறிந்தேன். குழந்தை ஓவென்று கத்தினாள். எனக்கும் அழுகை வந்தது.

அந்த அம்மா நம்பவில்லை. பெரிய டாக்டரே வாசலுக்கு வந்து, அவள் கண்முன்னால் கை கழுவிக் காட்டவேண்டியதாயிற்று. விரலிடுக்கு, நகக்கண் ஒன்றையும் விடாமல், முழங்கைவரை நுரையோடு கழுவினார். அப்படி அவர் கழுவி நான் பார்த்ததேயில்லை. அவள் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைத்தாள்.

அன்னாசியால் என்ன வருமோ என்று நாங்கள் எல்லோரும் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தோம். காய்ச்சல் வரவில்லை. வெள்ளை அணுக்கள் மெல்ல ஏறத் தொடங்கின. அதைச் சொல்ல வந்த பெரிய டாக்டரின் கோட்டை அந்தச் சிறுமி பிடித்து இழுத்தாள்.

"டாக்டர், மறுபடி எப்ப என்னைக் கை கழுவுவீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். "உன்னை நான் கை கழுவவே மாட்டேன்டா" என்றார்.

"அப்ப அன்னாசி?" என்று அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.